நாற்பத்தேழு மீட்டர்

“இழுக்காதீங்கக்கா. நான் சொன்னப்புறம் இழுங்க” என்று முன்னறையிலிருந்து ஜெகன் குரல் கொடுத்தான்.

கோமளா எதையும் இழுக்கவில்லை. உள்ளறையில் கணவரின் கட்டிலை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் ஏறி நின்று, சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஜெகன் சுவருக்குள் போகும் பழைய குழாயில் நீளமான இரும்பு ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டிருந்தான். அதன் வாலில் இன்டர்நெட் கேபிளைக் கட்டியிருந்தான். நுனி இந்த ஓட்டையில் எட்டிப் பார்த்ததும் அவள் பிடித்து இழுக்க வேண்டும். நுனி இன்னும் வரவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன.

“நான் புடிக்கவே இல்ல ஜெகன். இங்க ஒண்ணும் வரல.”

“அரே, இழுபடுதேக்கா. கையிலேருந்து உருவிக்கிட்டுப் போவுது.”

எங்கேயாவது சிக்கியிருக்கும் என்றாள். சிக்கினால் நின்றுவிடும், இழுக்காது. அது இருவருக்கும் தெரியும்.

மணி மதியம் பன்னிரண்டுதான். டெல்லி முனிர்காவின் அந்தச் சந்தில் ஜனவரிப் பனி இறங்கி, கை நீட்டினால் தொட்டுவிடக்கூடிய எதிர்வீட்டுச் சுவரையே மங்கலாக்கியிருந்தது. முன்னறைக்காவது ஒரு கதவும் ஒரு ஜன்னலும் உண்டு. உள்ளறைக்கு இருந்த ஒரே ஜன்னலை ஒட்டி யாரோ நான்கு மாடி எழுப்பிவிட்டதால், வீட்டுக்காரர் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். விளக்கை அணைத்தால் அங்கே எந்த நேரமும் நடுநிசி. ஈரச் சுண்ணாம்பு வாடை, தைல வாடை, எத்தனை முறை அலசினாலும் ரப்பர் விரிப்பை விட்டுப் போகாத மூத்திர வாடை, இவை மூன்றும் சேர்ந்து அந்த அறைக்கென்று ஒரு காற்றை உண்டாக்கி வைத்திருந்தன. அந்தக் காற்றுக்குள் அவள் கணவர் மாசிலாமணி இரண்டு வருடமாகப் படுத்திருந்தார். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு காலையில் சாரத்தின் மேலேயே வாய் கோணிச் சரிந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிச்சம்.

கோமளா மூன்று வீடுகளில் சமையல் செய்கிறாள். காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள்; இன்று மட்டும் லீவு சொல்லியிருந்தாள். அவர் தனியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொள்ள, ஆர்.கே. புரத்தில் அவள் சமைக்கும் வீட்டுப் பட்டு மாமி தங்களிடம் சும்மா கிடந்த ஒரு கேமராவைக் கொடுத்தாள். அதைக் கட்டிலுக்கு நேரே அலமாரியில் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கும்போதும் பருப்பு வேகும்போதும் கோமளா போனில் அவரைப் பார்த்துக்கொள்வாள். தீபாவளி கழிந்து ஒரு வாரம். போனில் அவர் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அப்படியே தூங்கினார். சந்தேகம் வந்து மேல்வீட்டு முத்துமாரிக்குப் போன் போட்டாள். முத்துமாரி தன்னிடம் இருந்த மாற்றுச் சாவி போட்டுத் திறந்தபோது, அவர் சளி அடைத்து நீலமாகக் கிடந்தார். அரை மணி நேரமாக அவள் பார்த்தது உறைந்துபோன படம். முன்னறை வைஃபை அந்தச் சுவரைத் தாண்டிப் போகவில்லை.

பிழைத்துக்கொண்டார். இன்னொரு தடவை தாங்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள்.

“ஒன்பது இஞ்சு செங்கல், அதுல ஸ்டீல் பீரோ வேற சாத்தி வெச்சிருக்கீங்க” என்று ஜெகன் அன்று காலை வந்ததுமே சொன்னான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன், அவனுடைய பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். “ரிப்பீட்டர் வெச்சா செத்த சிக்னலத்தான் திருப்பி விடும். ஒயர இழுத்து உள்ள இன்னொரு ரௌட்டர் வெச்சாத்தான் சரிப்படும். பழைய ரௌட்டர் இருந்தா போதும்கா. அதுக்குத் தனியா மூளை வேணாம், முன்னாடி இருக்கிறது சொல்றதக் கேட்டா போதும். நம்ம ஊரு மாப்பிள்ளைங்க மாதிரி.”

அந்தப் பழைய ரௌட்டரையும் பட்டு மாமிதான் கொடுத்தாள்.

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு உரசல் கேட்டது. மெதுவாக, நிதானமாக. பிறகு நுனி வெளியே வந்தது. கோமளா பிடித்தாள். ஸ்பிரிங்கின் கூர்மையான கொக்கியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. புண்ணுக்குக் கட்டும் சல்லாத் துணி. யார் கையையும் கீறிவிடாதபடி, நான்கு மடிப்பாக, பதவிசாக. பரவாயில்லையே, பையன் பொறுப்பானவன் என்று நினைத்துக்கொண்டாள். பிற்பாடு ஸ்பிரிங்கைச் சுருட்டும்போது ஜெகன் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, “எதுக்குக்கா இதெல்லாம், என் கை மரத்துப்போன கை” என்று சிரித்தான். அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

அவள் இழுத்தாள். ஸ்பிரிங் முழுக்க வந்தது, அதன் பின்னால் கேபிள் வந்தது. முன்னறையில் கேபிள் பெட்டி சுழலும் சத்தம் நிற்கவே இல்லை.

“அக்கா, இந்தக் கேபிள் மேலயே மீட்டருக்கு மீட்டர் நம்பர் அடிச்சிருக்கும். உங்க ஓட்டைகிட்ட என்ன நம்பர் இருக்கு, பாருங்க.”

போன் வெளிச்சத்தில் படித்தாள். “இருநூத்தி ஐம்பத்தொண்ணு.”

பிறகு ஜெகன் உள்ளே வந்து, அவனும் ஒரு தடவை படித்தான். “அங்க எரநூத்தி நாலு. நாப்பத்தேழு மீட்டர் உள்ள போயிருக்கு.” சுவரை மேலும் கீழும் பார்த்தான். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் பதினைந்து அடிகூட இருக்காது. “என் ஸ்பிரிங்கே பத்து மீட்டர்தான். அது வந்து சேர்ந்துடுச்சு.” தலையைச் சொறிந்தான். “சீனாக்காரன் மீட்டர் போல. சின்னதா இருக்கும்.”

ஆனால் ரௌட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. போனில் படம் கண்ணாடிபோல வந்தது. மாசிலாமணி கண் சிமிட்டுவது தெரிந்தது. கோமளா அழுதுவிட்டாள்.

போகும்போது ஜெகன் கேபிளுடன் சேர்த்து இழுத்த மெல்லிய நைலான் கயிற்றைக் குழாய்க்குள்ளேயே விட்டுவிட்டுப் போனான். நாளைக்கு இன்னொரு ஒயர் போட வேண்டியிருந்தால் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்பது வயர்மேன்களின் வழக்கம். இரண்டு ஓட்டைகளிலும் முழ நீளத்துக்குக் கயிறு தொங்கியது.

அதைப் பார்த்ததும் கோமளாவுக்கு யோசனை வந்தது. முன்னறைப் பக்கம் தொங்கிய முனையில் ஒரு எவர்சில்வர் மூடியைக் கட்டினாள். உள்ளறைப் பக்கத்து முனையை அவருடைய இடது மணிக்கட்டில் கட்டினாள். “ஒரு இழுப்பு தண்ணி. ரெண்டு இழுப்பு, திருப்பிப் படுக்க வெக்கணும். மூணு இழுப்பு மூத்திரச் சட்டி. புரியுதாங்க?” அவர் கயிற்றை ஒரு முறை இழுத்தார். அவ்வளவு நீளத்தைத் தாண்டி, எண்ணெய் விட்டதுபோல இழுபட்டு, முன்னறையில் மூடி ‘டண்’ என்று சுவரில் மோதியது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் ஏதோ கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்கு நாள் எல்லாம் நன்றாக நடந்தது.

ஐந்தாம் நாள் மாலை அவள் முன்னறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது மூடி இரண்டு முறை அடித்தது. கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவர் ஏற்கெனவே திரும்பிப் படுத்திருந்தார். இடது பக்கமாக, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. ஆஸ்பத்திரியில் இரண்டு நர்சுகள் சேர்ந்து அப்படித்தான் வைப்பார்கள். கோமளாவால் ஒரு நாளும் தனியாக அதைச் செய்ய முடிந்ததில்லை. கையில் ஈரம் சொட்ட அப்படியே நின்றாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அறையில் பினாயில் வாடை அடித்தது. அவள் பினாயில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது.

“நீ கீழ வந்தியா முத்துமாரி?”

“இல்லக்கா. நானே கேக்கணும்னு இருந்தேன். நீங்க வேலைக்குப் போனப்புறம் பகல் முச்சூடும் அந்த மூடி அடிச்சுக்கிட்டே கெடக்கு. என்னா பண்றாரு அவுரு, பஜனையா?”

மறுநாள் பட்டு மாமி வீட்டு அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருக்கையில், கோமளா போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். இருட்டறையைக் கேமரா சாம்பல் நிறத்தில் காட்டியது. மாசிலாமணி மல்லாந்து கிடந்தார், கை மார்பின் மேல் அசையாமல் இருந்தது. கயிறு தளர்ந்து தொங்கியது. பிறகு கயிறு நிமிர்ந்தது. சுவர்ப் பக்கத்திலிருந்து. ஒரு முறை இறுகி, தளர்ந்தது. அவர் கையைத் தூக்கி ஒரு முறை இழுத்தார். கயிறு இரண்டு முறை இறுகியது. அவர் இரண்டு முறை இழுத்தார். பிறகு நீளமாக ஏதோ வந்தது, சின்னதும் பெரியதுமாக, பேச்சு மாதிரியே ஏற்ற இறக்கமாக, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கி. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டின் பாதி மட்டும் சிரித்தது.

“ஏண்டி, குக்கர் அஞ்சு விசில் ஆயிடுத்து. எங்க இருக்க நீ?” என்றாள் பட்டு மாமி. “கேமரா நன்னா தெரியறதோல்லியோ?”

“நல்லாத் தெரியுது மாமி.”

முன்னறையில் வேறு யாரும் இல்லை. பூட்டிய வீடு. ஒரு சாவி அவள் இடுப்பில் இருந்தது, இன்னொன்று முத்துமாரியிடம்.

அதன் பிறகு அவர் அவளைக் கூப்பிடவே இல்லை. அவள் வீட்டில் இருக்கும்போது மூடி அடிப்பதில்லை. கஞ்சி கொண்டுபோனால் வாயைத் திறக்கமாட்டார். வயிறு நிறைந்திருந்தது. வாயோரத்தில் வெள்ளையாகக் காய்ந்த ஏதோ ஒன்று, துடைத்து முகர்ந்து பார்த்தால் ஆரோரூட் கஞ்சி வாசனை. முதுகைத் திருப்பிப் பார்த்தாள். ஆறு மாதமாக ஆறாத படுக்கைப்புண் காய்ந்து, தோல் மூடியிருந்தது. நகம் வெட்டியிருந்தது. யாரோ அவளைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அது பயத்துக்கு முன்னால் அவமானமாக வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது, ஆனால் போகவில்லை.

ஓட்டையில் கண் வைத்துப் பார்த்தாள். கறுப்பு. காதை வைத்தாள். முதலில் எதுவும் இல்லை. பிறகு, வெகு தூரத்தில், நிறைய பேர் ஒரே அறையில் தூங்கும்போது வருமே, அந்த மூச்சு.

அன்று ராத்திரி கத்தரிக்கோல் எடுத்து அவர் மணிக்கட்டிலிருந்து கயிற்றை வெட்டினாள். மிச்சத்தைக் குழாய்க்குள் தள்ளி, ஓட்டையில் துணியைத் திணித்தாள். கேபிள் மட்டும் அதன் ஓரமாக வெளியே வந்திருந்தது. அதை வெட்ட அவளுக்குத் துணிவில்லை. அதை வெட்டினால் படம் நின்றுவிடும். நாளைக்கும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது.

மாசிலாமணி அழுதார். சத்தமில்லாமல், விடியும்வரை, சுவரைப் பார்த்தபடி.

“எதுக்குங்க அழுவுறீங்க? நான்தான் இருக்கேன்ல.”

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. ஆர்.கே. புரத்தில் பத்தரை மணிக்கும் தெருவிளக்கு எரிந்தது. கோமளா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தாள். முதலில் துணி வந்தது. ஓட்டையில் அவள் திணித்த துணி, உள்ளிருந்து மெல்லத் தள்ளப்பட்டு, தலையணையின் மேல் விழுந்தது. பிறகு கயிறு. புழுபோலத் தலை நீட்டி, சுவரோரமாக இறங்கி, நின்று, தடவி, போர்வையின் மேல் ஊர்ந்தது. அவர் இடது கையைத் தூக்கினார். பயந்து இல்லை. குழந்தை தூக்கச் சொல்லிக் கை நீட்டுவதுபோல.

“ஏங்க” என்று போனுக்குள் கத்தினாள். அந்தக் கேமராவில் இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும். கேட்டிருக்கும். அவர் பார்க்கவில்லை.

கயிறு சுற்றியது. இறுகியது. அவர் கை சுவரை நோக்கி உயர்ந்தது.

அப்போது படம் ஆடியது. கேபிள் இழுபடுகிறது. அலமாரியில் ரௌட்டர் நகர்ந்தது. அதன் ஒயரில் சிக்கிக் கேமரா சாய்ந்தது. கூரை தெரிந்தது. சுவர். ஓட்டை. ஓட்டை அருகே வந்தது. மிக அருகே.

கறுப்பு.

மாவுக் கையோடு ஓடினாள். ஆட்டோக்காரரிடம், “பையா, முனிர்கா, ஜல்தி, ஜல்தி” என்று அவள் அவசரப்படுத்தியபோது தன் குரலே வேறு யாருடையதோ போலிருந்தது. பனிக்குள் வண்டி ஊர்ந்தது. முத்துமாரியைக் கூப்பிட்டாள்.

“அக்கா, வாசக்கதவத் தொறந்துட்டேன். உள்ளறைக் கதவு தொறக்க மாட்டேங்குது. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

“அவுரால எப்பிடிடீ தாழ்ப்பாள் போட முடியும்?”

“எனக்கு என்னாக்கா தெரியும். நீங்க வாங்க.”

கோமளா வந்து சேர்ந்ததும் இருவரும் சேர்ந்து தோளால் மோதினார்கள். நாலாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. கோமளா விளக்கைப் போட்டாள்.

கட்டில் காலி.

விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து, நான்கு மூலையும் மடித்துச் செருகியிருந்தது. தலையணை நடுவில். அவருடைய லுங்கி துவைத்து மடித்து, தலையணை மேல். ரௌட்டர் இல்லை. கேமரா இல்லை. கேபிள் இல்லை. தரையில் ஒரு பொட்டுக் காரை உதிர்ந்திருக்கவில்லை. சுவரில் அதே ஓட்டை. கட்டைவிரல் நுழையும் அளவு.

முத்துமாரி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்காமல், ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொல்லி ஓடினாள். அவள் கால்சத்தம் சந்தில் கரைந்தது.

கோமளாவின் கையில் போன் அதிர்ந்தது. கேமராவில் அசைவு தெரிவதாகச் சொன்னது. திறந்தாள். சிக்னல் முழுதாக இருந்தது.

சாம்பல் நிறத்தில் ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் கட்டில்கள். கேமராவின் வெளிச்சம் எட்டும்வரை கட்டில்கள், எட்டாத இடத்திலும் கட்டில்கள்தான் என்று தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒருவர். ஒவ்வொரு மணிக்கட்டிலிருந்தும் ஒரு கயிறு மேலே போய் இருட்டில் முடிந்தது. முன்னால் இருந்த கட்டிலில் மாசிலாமணி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார். ஒரு கை வந்து அவர் வாயைத் துடைத்தது. அந்தக் கை பின்வாங்கியது. பின்வாங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு முழங்கை வரவே இல்லை.

அவர் பேசிக்கொண்டிருந்தார். படம் தெரியாத பக்கத்தில் யாரிடமோ, சரளமாக, பழைய குரலில், சாரத்தின் மேல் நின்று கலவை கேட்கும் அதே குரலில்.

“ஏங்க” என்றாள். அது குரலாகக்கூட வரவில்லை.

அவர் பேச்சை நிறுத்தினார். கேமராவைப் பார்த்தார்.

“கோமளா” என்றார். “வந்துட்டியா. வேல முடிஞ்சுதா?”

வாய் கோணவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அவர் நகர்ந்து, பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். அதில் யாரும் இல்லை. வெள்ளை விரிப்பு, நான்கு மூலையும் மடித்துச் செருகியது.

“கால் வலிக்கும்ல ஒனக்கு. படு, வா.”

கத்தரிக்கோல் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கை எட்டும் தூரம். வெளியே, பனிக்குள், முத்துமாரி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. வெகு தூரத்தில்.

சுவரோரமாக ஏதோ உரசியது. நிதானமாக இறங்கி வந்தது. கோமளா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாவு காய்ந்திருந்த மணிக்கட்டை அது முதலில் துடைத்தது. பிறகு ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு ஒரு முடிச்சு.

இறுக்கமாக இல்லை. நோகாத அளவுக்கு.